கெட்டியா, தண்ணியா? குழந்தைகளுக்குத் திடமும் திரவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழலையர் வகுப்பில் தண்ணீர், ஐஸ், மணல், மாவு என்று தொட்டு விளையாடவிட்டே திடப்பொருள், திரவம் பற்றிச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

என் பொண்ணுக்கு ரெண்டு வயசுதான் ஆகுது. இப்பவே ஆரம்பிக்கலாமா?

அவள் ஏற்கெனவே ஆரம்பித்திருப்பாள். குளிக்கும்போது கப்பில் மொண்டு மொண்டு கொட்டுகிறாளே, அதுதான் முதல் பாடம். இந்த வயதில் மொள்ளுவது, ஊற்றுவது, பிழிவது, தட்டுவது போதும். மூன்று நான்கு வயதில் "இது ஓடுது, இது ஓடல" என்று பிரித்து வைக்க வரும். "ஏன்?" என்ற கேள்வி ஐந்து ஆறு வயதுக்கு மேல்தான் உருப்படியாக வரும்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் விளையாட்டு நடக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சில சென்டிமீட்டர் ஆழமே உள்ள தண்ணீரிலும் சின்னக் குழந்தை மூழ்க முடியும். விளையாடி முடிந்ததும் தொட்டியை உடனே கவிழ்த்துவிடுங்கள், "அப்புறம் ஊத்திக்கலாம்" என்று விட்டுவைக்க வேண்டாம்.

முதல் நாள் என்ன செய்யணும்? ஏதாவது கிட் வாங்கணுமா?

ஒன்றும் வாங்க வேண்டாம். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துப் பெரிய ஐஸ் கட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். (சின்னக் கட்டிகள் தொண்டையில் சிக்கும், அதனால் பெரியது.) ஒரு தட்டில் அந்த ஐஸ், கைக்கு அடங்காத அளவில் ஒரு கல், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான். நீங்கள் எதுவும் பேசாமல் உட்காருங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் முதலில் கல்லைத் தட்டினான், பிறகு ஐஸைத் தட்டினான். இரண்டும் "டொக்" என்றன. ஐஸைத் தள்ளினான், வழுக்கிக்கொண்டு போனது. கையைப் பார்த்தான், ஈரம். கல்லைத் தொட்டுக் கையைப் பார்த்தான், ஈரமில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஐஸுக்கு வேர்க்குது" என்றான். தப்புதான், ஆனால் நான் திருத்தவில்லை. கால் மணி நேரத்தில் தட்டில் குளம் கட்டியதும் ஐஸ் சின்னதாகியிருந்ததை அவனே பார்த்து, "வேர்க்கல, இதுவே தண்ணியாகுது" என்று மாற்றிச் சொன்னான். நான் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது வாக்கியம் வந்திருக்காது.

திடம், திரவம்ங்கிற வார்த்தையெல்லாம் எப்போ சொல்லித் தரலாம்?

கை பழகிய பிறகு. ஐஸ், கல், தண்ணீர், எண்ணெய், மரக்கட்டை என்று ஏழெட்டுப் பொருளைத் தொட்டு, சாய்த்து, ஊற்றிப் பார்த்த பிறகு, "இப்படி எங்கே வெச்சாலும் தன் வடிவம் மாறாம இருக்கிறதுக்குத் திடப்பொருள்னு பேர், ஊத்தின பாத்திரத்தோட வடிவத்துக்கு வர்றதுக்குத் திரவம்னு பேர்" என்று சொன்னால் போதும். பாடப்புத்தகத்தில் திண்மம், நீர்மம் என்றும் வரும். அந்த வயது வரும்போது அதையும் சொல்லிக்கொள்ளலாம்.

பேரை முதலில் சொல்லிப் பொருளைப் பிறகு காட்டினால் குழந்தை ஒப்பிக்கும், அவ்வளவுதான். "திரவம்னா என்ன?" என்றால் பட்டென்று பதில் வரும். தேனைக் காட்டினால் முழிக்கும்.

"ஐஸ் கரையுது"ன்னுதான் வீட்ல சொல்றோம். அது தப்பா? "உருகுது"ன்னு சொல்லணுமா?

பேச்சில் தப்பே இல்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் குழந்தைக்கு இந்தப் பாடம் நடக்கும் நாட்களில் மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். இதுதான் தமிழில் சொல்லித் தரும்போது வரும் பெரிய குழப்பம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உருகுவதற்கு ஒரே ஒரு பொருள் போதும், கூடவே சூடு. ஐஸ், மெழுகு, வெண்ணெய் எல்லாம் போதுமான சூடு பட்டால் தனியாகவே உருகும். கரைவதற்கு இரண்டு பொருள் வேண்டும்: கரைகிற ஒன்று, கரைக்கிற ஒன்று. சர்க்கரையைத் தட்டில் எத்தனை நாள் வைத்தாலும் தானாகக் கரையாது, தண்ணீர் வேண்டும். குழந்தைக்கு இதையே "தனியா உருகும், தண்ணியில கரையும்" என்று சொல்லிவிடலாம்.

காட்டுவதற்கு எளிய வழி உண்டு. இரண்டு கிண்ணம் எடுத்து ஒன்றில் வெண்ணெய்த் துண்டு, இன்னொன்றில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு, இரண்டையும் வெயிலில் வையுங்கள். வெண்ணெய் இளகும், சர்க்கரை அப்படியே கிடக்கும். அப்புறம் இரண்டிலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் சர்க்கரை மறையும், வெண்ணெய் மிதக்கும். இரண்டு வினைச்சொல்லும் வேறுவேறு என்பது இதற்கு மேல் விளக்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

தேன் கெட்டியா இருக்கு. அப்போ அது திடப்பொருளா?

"கெட்டி" என்ற சொல்லும் நம்மைப் படுத்தும். கல்லும் கெட்டி, தேனும் கெட்டி, மனப்பாடம் செய்ததும் கெட்டி. கல் கெட்டி என்றால் வடிவம் மாறாது என்று அர்த்தம். தேன் கெட்டி என்றால் மெதுவாக ஓடும் என்று அர்த்தம். மெதுவாக ஓடினாலும் ஓடுகிறதே, அதனால் தேன் திரவம்தான்.

ஒரு தட்டின் ஓரத்தில் தண்ணீர், எண்ணெய், தேன் மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துத் தட்டைச் சாய்த்தால் பந்தயம் ஆரம்பிக்கும். தண்ணீர் முதலில் போகும், தேன் கடைசியில் வரும். பெரிய பிள்ளைகளுக்கு இதிலேயே ஒரு கொக்கி போடலாம். பந்தயத்தில் எண்ணெய் தண்ணீரைவிட மெதுவாகத்தான் ஓடியது. அப்படியானால் எண்ணெய் கனமானதா? டம்ளரில் இரண்டையும் ஊற்றிப் பார்த்தால் எண்ணெய் மேலே நிற்கும். ஓடும் வேகம் வேறு, அளவுக்கேற்ற எடை வேறு. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை அருகில் இருந்தால் தேனை எடுக்கவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா அந்த வயதில் ஆபத்து.

மணலையும்தான் ஊத்த முடியுது, பாத்திரத்தோட வடிவத்துக்கும் வருது. அப்போ அது திரவம்தானே?

இது என்னிடம் அப்பா அம்மாக்கள் கேட்கும் கேள்வி. குழந்தைகள் இதைவிட நேராகக் கேட்பார்கள்: "மணல் ஏன் நனைக்க மாட்டேங்குது?"

ஒரு தட்டில் டம்ளர் தண்ணீரைக் கொட்டுங்கள், பரவித் தட்டையாகிவிடும். இன்னொரு தட்டில் டம்ளர் மணலைக் கொட்டுங்கள், குவியலாக நிற்கும். மேலும் கொட்டினால் சரிந்து சரிந்து மறுபடி குவியலாகவே நிற்கும். காய்ந்த மணல் குவியலின் சரிவு சுமார் 30 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும். அதற்குமேல் செங்குத்தாக நிற்காது, சரிந்துவிடும். திரவத்துக்குக் குவியல் கிடையாது. அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுங்கள். ஒவ்வொரு மணலும் ஒரு குட்டிக் கல் என்று தெரிந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே அதைக் கல் பக்கம் நகர்த்தி வைத்துவிடுவார்கள். உப்பு, சர்க்கரை, மாவு எல்லாமே இதே கணக்குதான்: ஓடுவது கூட்டம், ஒவ்வொன்றும் திடம்.

இதோடு ஒரு கை தண்ணீரைத் தெளித்தால் இன்னொரு விளையாட்டு கிடைக்கும். இதுவரை வீடு கட்ட முடியாத மணலில் இப்போது கோட்டை கட்டலாம். மணலுக்கு இடையே படியும் மெல்லிய தண்ணீர்ப் படலம் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. தண்ணீர் அதிகமானால் அந்தப் பிடி போய்க் கோட்டை சரிந்துவிடும். எவ்வளவு ஊற்றினால் சரியும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், இதற்கு மட்டும் ஒரு முழு மதியம் ஒதுக்கலாம்.

அகல டம்ளர் தண்ணியை உயரமான டம்ளர்ல ஊத்தினா, "இதுலதான் நிறைய இருக்கு"ன்னு என் பையன் சாதிக்கிறான். ஏதாவது பிரச்சனையா?

ஒரு பிரச்சனையும் இல்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதே சோதனையைத்தான் செய்து காட்டினார். ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர். குழந்தையும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறது. கண் முன்னாலேயே ஒன்றை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாற்றியதும் "இப்ப இதுல நிறைய" என்கிறது. ஏறக்குறைய ஏழு வயதுவரை பல குழந்தைகள் இப்படிச் சொல்வது வழக்கம். அவர்கள் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள், அகலம் குறைந்ததைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

வாதாடாதீர்கள். மறுபடி பழைய டம்ளரிலேயே ஊற்றிக் காட்டி, "இப்ப?" என்று மட்டும் கேளுங்கள். பத்துத் தடவை ஊற்றினாலும் ஒல்லி டம்ளரில்தான் நிறைய என்றால், சரி, விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் அவனே உங்களுக்குச் சொல்லித் தருவான்.

ஸ்பான்ஜ் அமுங்குது, துணி மடங்குது. இதெல்லாம் எப்படித் திடம்?

திடம் என்றால் கடினம் என்று அர்த்தமில்லை. ஸ்பான்ஜைத் தட்டில் வைத்தால் ஓடிப் பரவவில்லை, விட்டதும் பழைய வடிவத்துக்கு வருகிறது. அதனால் திடம். அமுங்குவது அதன் ஓட்டைகளில் இருக்கும் காற்று. தண்ணீருக்குள் அமுக்கினால் காற்று குமிழியாக வருவதைப் பார்க்கலாம்.

என் குழந்தை கையில எதாவது ஒட்டினாலே அழறா. இவளுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

சரிப்படும், ஆனால் அவள் வேகத்தில். கையைப் பிடித்து உள்ளே அழுத்தவே கூடாது. அப்படிச் செய்தால் மறுநாள் தட்டைப் பார்த்தாலே ஓடுவாள். முதலில் ஜிப் பைக்குள் ஜெல்லோ தேனோ போட்டு இறுக மூடி, மேலிருந்து அழுத்தவிடுங்கள். அப்புறம் ஸ்பூன், பிரஷ். அப்புறம் ஒரு விரல் நுனி. பக்கத்தில் ஈரத்துணி இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். சாப்பாடு, உடை, குளியல் என்று எல்லாவற்றிலும் இதே தொல்லை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

எது எதையெல்லாம் கொடுக்கவே கூடாது?

தண்ணீரில் ஊறிப் பெருகும் வண்ண மணிகள் வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கும், வழவழவென்று இருக்கும், ஆனால் விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அதேபோலப் பெருகிக் குடலை அடைத்துவிடும். அறுவைச் சிகிச்சை வரை போன குழந்தைகள் உண்டு. எக்ஸ்ரேயிலும் எளிதில் தெரியாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே இதுபற்றிப் பெற்றோரை எச்சரித்திருக்கிறது. வீட்டில் போராக்ஸ் (வெண்காரம்) கலந்து ஸ்லைம் என்ற வழவழப்பான விளையாட்டுக் கூழ் செய்வதையும் நான் தவிர்த்துவிடுவேன்.

மாவு விஷயத்தில் பலரும் அசட்டையாக இருக்கிறார்கள். வேகவைக்காத மாவில் நோய்க்கிருமி இருக்கலாம், அதனால் பிசைந்த மாவை வாயில் வைக்கவிடக் கூடாது. உப்பு நிறையச் சேர்த்த விளையாட்டு மாவை அதிகம் தின்றுவிட்டால் உடம்பில் உப்பு ஏறி ஆபத்தாகும். எதையும் வாயில் வைக்கும் வயதென்றால் தண்ணீர், பெரிய ஐஸ், துணி, ஸ்பான்ஜ் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பான்ஜையும் கடிக்கிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.

சர்க்கரை தண்ணியில காணாமப் போச்சுன்னு அழுதான். எங்கே போச்சுன்னு எப்படிச் சொல்றது?

சொல்லாதீர்கள், எடை போடுங்கள். எலக்ட்ரானிக் தராசு இருந்தால் டம்ளரின் எடையைக் கழித்துவிட்டு 200 கிராம் தண்ணீர், தனியாக 20 கிராம் சர்க்கரை எடுங்கள். கலக்கிய பிறகு மறுபடி வைத்தால் தராசு 220 காட்டும். கண்ணுக்குத்தான் தெரியவில்லை, தராசுக்குத் தெரிகிறது. மேலே சொன்ன உருகுதல், கரைதல் பிரிவினை இங்கே கை கொடுக்கும்: சர்க்கரை உருகித் திரவமாகிவிடவில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிதறித் தண்ணீருக்குள் கலந்திருக்கிறது.

உப்பில் செய்தால் திரும்பவும் எடுக்கலாம். உப்புத் தண்ணீரைத் தட்டில் மெல்லியதாக ஊற்றி வெயிலில் வைத்தால் தண்ணீர் போய் உப்பு மட்டும் படியும்.

தட்டினா கெட்டியாகிற அந்த மாவுக் கரைசல் எனக்கு வரவே மாட்டேங்குது. என்ன தப்பு?

பெரும்பாலும் மாவுதான் தப்பு. சோள மாவு என்று எழுதியிருப்பதைப் பார்த்து, மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவையோ, சோளம் அரைத்த மாவையோ எடுத்துவிடுகிறார்கள். வேண்டியது கார்ன்ஃப்ளார், வெள்ளை வெளேரென்று, விரலில் அழுத்தினால் "கிறீச்" என்னும் ஸ்டார்ச்.

இரண்டு பங்கு கார்ன்ஃப்ளாருக்கு ஒரு பங்கு தண்ணீர். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முக்கால் பங்கு ஊற்றி விரலால் மெதுவாகக் கிளறி, மீதியைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். பதம் இப்படித் தெரியும்: மெதுவாக விரலை விட்டால் உள்ளே போகும், வேகமாகக் குத்தினால் போகாது. ஒரு கை அள்ளி உருட்டினால் உருண்டையாகும், உருட்டுவதை நிறுத்தினால் விரலிடுக்கில் வழியும். தெறித்தால் தண்ணீர் அதிகம், வெடித்து உதிர்ந்தால் மாவு அதிகம். முடிந்ததும் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். தரையில் சிந்தியதும் காய்ந்தால் பெருக்கினாலே போய்விடும்.

சரி, அது திடமா திரவமா? பதில் சொல்ல முடியாம முழிச்சேன்.

முழித்ததில் தப்பில்லை. அது ஒரே பொருள் இல்லை. தண்ணீர் என்ற திரவத்துக்குள் கரையாமல் நெருக்கமாக மிதக்கும் கோடிக்கணக்கான திடத் துகள்கள். மெதுவாக அசைத்தால் துகள்கள் தண்ணீரோடு வழுக்கி விலகிக்கொள்ளும், மொத்தமும் திரவம்போல் ஓடும். திடீரென்று அடித்தால் விலக நேரமில்லை, ஒன்றோடொன்று முட்டி இறுகி நிற்கும்.

குழந்தைக்கு நான் சொல்வது: கதவு வழியாக எல்லோரும் மெதுவாகப் போனால் போகலாம், எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் அடைத்துக்கொள்ளும். பிறகு நிஜமாகவே வாசலில் மெதுவாக நடந்து காட்டச் சொல்வேன். (பாய்ந்து காட்டச் சொல்ல மாட்டேன்.)

ஐஸ் தண்ணி வெச்ச டம்ளர் வெளியே நனையுதே, தண்ணி கசியுதா?

தண்ணீரில் கொஞ்சம் வண்ணம் கலந்துவிடுங்கள். வெளியே வரும் துளிகளில் வண்ணம் இருக்காது. உள்ளிருந்து வரவில்லை, காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி குளிர்ந்த டம்ளரில் பட்டுத் தண்ணீரானது.

திடம்னா கனம்தானே? அப்புறம் ஐஸ் ஏன் தண்ணியில மிதக்குது?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. அதே எடை, கூடுதல் இடம், அதனால் மிதக்கிறது. பெரும்பாலான பொருட்களில் திட நிலைதான் அடியில் போகும், தண்ணீர் விதிவிலக்கு. பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் கோடு போட்டு, ஃப்ரீசரில் வைத்து மறுநாள் பாருங்கள், கோட்டைத் தாண்டியிருக்கும். கண்ணாடி பாட்டிலில் செய்ய வேண்டாம், விரிசல் விடும்.

இன்னொன்று, பெரியவர்களே தடுமாறுவது. ஐஸ் மிதக்கும் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிவிட்டு, "உருகினா வழியுமா?" என்று கேளுங்கள். வழியாது. முங்கியிருக்கும் பகுதி எவ்வளவு இடம் பிடித்திருந்ததோ, உருகிய தண்ணீரும் அவ்வளவு இடத்தைத்தான் பிடிக்கும்.

ஐஸ் மேல உப்பு தூவினா சீக்கிரம் உருகுதே, உப்புக்குச் சூடு இருக்கா?

இல்லை. உப்பு சேர்ந்தால் தண்ணீர் உறையும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும், அதனால் ஐஸ் ஐஸாகவே நிற்க முடியாமல் உருகுகிறது. அந்தக் கலவை சாதாரண ஐஸைவிடக் குளிர்ந்துபோகும். ஆகவே உப்பும் ஐஸும் சேர்த்துத் தோலில் வைத்துப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம், தீக்காயம்போலவே புண்ணாகும். ஐஸை ட்ரேயில் வைத்து, உப்பை ஸ்பூனில் தூவி, வாட்டர் கலர் சொட்டு விட்டு, உப்பு குடைந்த பள்ளங்களை வேடிக்கை பார்க்கட்டும்.

கண்ணாடிகூட ரொம்ப மெதுவா ஓடுற திரவம்னு படிச்சேன். உண்மையா?

இல்லை. பழைய கட்டடங்களில் ஜன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பதை வைத்து வந்த கதை அது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடு செய்த முறையால் அது ஒரே தடிமனாக வராது, அவ்வளவுதான். கண்ணாடியின் அணுக்கள் உப்புப் படிகம்போல வரிசையாக அடுக்கியிருக்காது என்பது சரி, ஆனால் அறை வெப்பத்தில் அது ஓடுவதில்லை.

நிஜமாகவே அப்படி ஓடும் பொருள் ஒன்று உண்டு: தார் போன்ற கறுப்பான கீல். சுத்தியலால் அடித்தால் நொறுங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் அதைப் புனலில் ஊற்றி வைத்து, 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். 2014 வரை விழுந்தவை ஒன்பது சொட்டுகள். தேன் பந்தயத்தில் தோற்றதற்கு வருத்தப்படும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்.

பற்பசை எதுல சேரும்? பிதுக்கினா வருது, பிரஷ் மேல அப்படியே நிக்குது.

தானாக ஓடாது, ஓரளவு அழுத்தம் கொடுத்தால் மட்டும் ஓடும். அந்த அழுத்தம் வரும்வரை திடம்போல நடந்துகொள்ளும் கலவை அது. மாவுக் கரைசலுக்கு நேர் எதிர்: அங்கே அடித்தால் இறுகியது, இங்கே அழுத்தினால் ஓடுகிறது. ஷேவிங் நுரையும் இதே ஜாதிதான்.

என் வகுப்புத் தரையில் டேப் ஒட்டி, ஒரு பக்கம் "ஓடும்", இன்னொரு பக்கம் "ஓடாது" என்று பிரித்திருப்போம். ஒரு சிறுமி பற்பசை டியூபைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கடைசியில் டியூபை "ஓடாது" பக்கம் படுக்கவைத்து, வாயை மட்டும் டேப்பைத் தாண்டி நீட்டிவிட்டு, மூடியைத் திறக்கலாமா என்று என்னைப் பார்த்தாள்.